துளி காயும்வரை

பிப்ரவரி 3

தம்பிக்கு,

போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். நாலு மாதமாக அடித்து அடித்து எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஆனால் தபால்காரரை உன்னால் தடுக்க முடியாதே. உன் பழைய அறைத்தோழனிடம் கெஞ்சிக் கூத்தாடி உன் தொழிற்சாலை விடுதியின் முகவரியை வாங்கினேன். அவனைத் திட்டாதே.

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதாக இருந்தால் இந்தப் பத்தியைப் படித்துவிட்டுக் கிழி. ஆய்வகத்தில் நீ செய்த பொருள் ஒளிர்ந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அக்டோபரில் விசாரணைக் குழுவுக்காக உன் கரைசலை அளந்து, "ஒளி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். அந்தக் கையெழுத்தால்தான் நீ ஆராய்ச்சி மாணவன் என்ற பேரை இழந்து, பொய் சொன்னவன் என்ற பேரோடு ஊரைவிட்டுப் போனாய். அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

நேற்று கருவி அறையில் என் மேசை இழுப்பறையை ஒழுங்குபடுத்தினேன். உன் கரைசல் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்த சின்னக் குப்பி கிடைத்தது. குழுவிடம் இருந்ததையெல்லாம் அப்போதே கழிவு டிரம்மில் கொட்டிவிட்டார்கள். இதை மட்டும் எனக்குக் கொட்ட மனசு வரவில்லை. கடைசியாக ஒரு தடவை அளந்து பார்க்கலாம் என்று அதில் பாதியைக் குவார்ட்ஸ் கண்ணாடிச் செல்லில் ஊற்றினேன். அதே பூஜ்யம். சரி, கழுவி வைத்துவிடலாம் என்று பார்த்தால் கரைப்பான் பாட்டில் காலி. எப்போதும் அதில் மூன்று தடவை அலசிவிட்டுத்தான் தண்ணீர் விடுவேன், உனக்குத் தெரியும். நேற்று சோம்பல்பட்டு நேரே தண்ணீரைப் பீய்ச்சினேன். செல்லுக்குள் பால் மாதிரி கலங்கிப்போனது. அதைக் கொட்டப் போகிறபோது, அணைக்க மறந்த புறஊதா விளக்கைக் கடந்து போனேன்.

பச்சையாக எரிந்தது தம்பி. நீ சொன்ன அதே பச்சை.

உடனே எழுது. ஒரு வரி போதும்.

அக்கா

---

பிப்ரவரி 14

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியமாக இருக்கிறேன். இங்கே கண்ணாடி பாட்டில் செய்கிறார்கள். எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. வெளிச்சம் போட்ட வெள்ளைத் திரைக்கு முன்னால் பாட்டில்கள் வரிசையாகப் போகும். விரிசல், குமிழி இருப்பதை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். சாப்பாடு பரவாயில்லை.

அக்டோபரில் ஒளி இல்லை என்றீர்கள். பிப்ரவரியில் ஒளி இருக்கிறது என்கிறீர்கள். இரண்டு தடவையும் அதே கருவி, அதே கை. எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் அவசியமும் இப்போது இல்லை. பால் மாதிரி கலங்கியது என்கிறீர்களே, கலங்கல் எந்த வெளிச்சத்தையும் சிதறடிக்கும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான்.

அத்தானையும் வாலுவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். தயவுசெய்து இனிமேல் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

---

பிப்ரவரி 22

தம்பிக்கு,

பிறந்ததிலிருந்து என்னை "நீ, வா, போ" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். சின்ன வயதில் அதற்காக நம் அப்பாவிடம் அடிகூட வாங்கியிருக்கிறாய், அப்போதும் மாற்றவில்லை. இப்போது "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். நாலு வார்த்தை கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

எழுத வேண்டாம் என்றாய். எழுதுவேன்.

வெறும் சிதறலாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. அதனால் அளந்தேன். சிதறல் என்றால் விளக்கின் நிறமே திரும்பி வரும். வந்தது வேறு அலைநீளம், சுத்தமான பச்சை. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்த்தேன். பாதிக்குமேல் தண்ணீர் சேரும்வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு முள் எகிறியது. ஒரு வாரம் வாசக சாலையில் உட்கார்ந்து படித்தேன். வேறு இடங்களில் இந்த மாதிரிப் பொருள்களைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். நம் துறையில்தான் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

நான் பதினோரு வருடமாக அளக்கும் சாயம் எல்லாம் ஒரே குணம். மூலக்கூறு தட்டையாக இருக்கும். நெருக்கினால் அடுக்கிவைத்த தட்டுகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்துகொண்டு, வாங்கிய வெளிச்சத்தை வெளியே விடாமல் தங்களுக்குள்ளேயே தீர்த்துவிடும். அதனால் மங்கலாக இருந்தால் நாங்கள் முதலில் செய்வது இன்னும் கொஞ்சம் கரைப்பான் சேர்த்து நீர்க்க வைப்பதுதான். தள்ளித் தள்ளி நின்றால் தட்டைச் சாயம் பளிச்சென்று எரியும்.

உன்னுடையது நேர்மாறு. நடுவில் ஒரு பிணைப்பு, அதைச் சுற்றி நாலு வளையம், மின்விசிறி இறக்கை மாதிரி கொஞ்சம் திருகி நிற்கின்றன. கரைசலில் தாராளமாக இடம் இருந்தால் அந்த இறக்கைகள் ஆட்டம் போடும். விளக்கிலிருந்து வாங்கிய ஆற்றல் எல்லாம் அந்த ஆட்டத்திலேயே சூடாகக் கரைந்துபோகும். தண்ணீர் சேர்த்தால் அதற்குத் தண்ணீர் ஆகாது, ஒன்றோடு ஒன்று ஒண்டித் திரண்டுவிடும். திருகி நிற்பதால் தட்டு மாதிரி படியவும் முடியாது. நெரிசலில் சுழலவும் இடமில்லை. வாங்கிய ஆற்றலுக்கு வேறு வழியே இல்லாமல் ஒளியாக வெளியே வருகிறது.

இப்போது நான் செய்ததைக் கேள். அக்டோபரில் முதல் தடவை அளந்தபோது ரொம்ப லேசாக ஏதோ தெரிந்தது. என் தம்பியின் பொருளாயிற்றே, கஷ்டப்பட்டாவது வெளிச்சத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று நீர்க்க வைத்தேன். இன்னும் குறைந்தது. மறுபடி நீர்க்க வைத்தேன். மூன்றாவது தடவை முள் அசையவே இல்லை. உன்னைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு தடவையும் கரைப்பானை ஊற்றினேன். ஊற்ற ஊற்ற அணைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நேற்று வாலு என்னிடம், "அம்மா, மாமா பொய் சொன்னாங்களா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் நம் துறை ஆள் ஒருவருடைய பெண் ஏதோ சொல்லியிருக்கிறாள். "இல்லடி" என்று சொன்னேன். "அப்ப நீ பொய் சொன்னியா?" என்று அடுத்த கேள்வி. ஆறு வயதுக்கு இவ்வளவு வாய். நான் அடுப்பைப் பார்க்கப் போவதுபோல எழுந்து போய்விட்டேன்.

அக்கா

---

மார்ச் 6

அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாலு கேட்டதைப் படித்த பிறகு இருக்க முடியவில்லை.

இறக்கை, நெரிசல் எல்லாம் புரிகிறது. நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். இதை வைத்துக்கொண்டு குடும்பம் என்றால் ஒட்டி இருக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்த மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

என் கோபம் நீங்கள் அளந்ததில் இல்லை. அளந்துவிட்டு, ஐந்து நாள் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே, அதில்தான். அந்த ஐந்து நாளில் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றீர்கள். செவ்வாய்க்கிழமை குழுவில் ஐந்து பேர் முன்னால் உங்கள் கையெழுத்தை எனக்குக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அந்த அறையில் இல்லை. "இப்பவே காட்டறேன் சார்" என்றேன். வெள்ளைப் பூச்சுத் தகடு ஒன்றில் துளி வைத்து உடனே விளக்கின் கீழே நீட்டினேன். இருட்டு. மறுபடி ஒரு துளி வைத்தேன். அதன்மேல் இன்னொன்று. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டுகூடப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், எனக்காக ஏதாவது தெரிந்துவிடாதா என்று ஆசைப்பட்டார். கடைசியில் என் பேராசிரியர், "போதும்ப்பா" என்றார்.

அன்றிலிருந்து ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நான் உண்மையிலேயே பார்த்தேனா, பார்க்க ஆசைப்பட்டேனா? முதல் நாள் நான் எடுத்த புகைப்படத்தைக்கூட, நானே அறியாமல் ஏதாவது செய்துவிட்டேனோ என்று சந்தேகப்பட ஆரம்பித்தேன். பொய் சொன்னவனுக்காவது தான் சொன்னது பொய் என்று தெரியும். எனக்கு அதுவும் தெரியவில்லை.

இங்கேயும் அதே கதை. வரிசையில் பாட்டில் வரும்போது எல்லாவற்றிலும் விரிசல் தெரிகிற மாதிரி இருக்கிறது. எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறேன். எங்கள் மேற்பார்வையாளருக்கு இங்கே கழுகு என்று பேர். போன வாரம் நான் ஒதுக்கிய பாட்டில்களை அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். முக்கால்வாசி நல்ல பாட்டில். "கண்ணு நல்லாத்தான்யா இருக்கு உனக்கு. நீதான் அதை நம்ப மாட்டேங்கற" என்றார். இப்போது என்னை அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நிம்மதியாக இருக்கிறது.

வாலுவிடம் மாமாவுக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

தம்பி

---

மார்ச் 15

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் உன் கோபத்துக்குப் பதில் சொல்கிறேன்.

விசாரணை முடியும்வரை சம்பந்தப்பட்டவரிடம் பேசக் கூடாது என்பது விதி. இந்தச் சாக்கை நாலு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நிஜம் அதுவல்ல. எனக்குப் பயம். "அக்கா கருவியைப் பார்த்துக்கறா, தம்பி தப்பிச்சுக்கறான்" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். உன் இடத்தில் வேறு எவனாவது இருந்திருந்தால், "ஏம்ப்பா, பூஜ்யம் வருதே, நீ எப்படிப் பார்த்தே?" என்று கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். நீ இரண்டே வரியில் சொல்லியிருப்பாய், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். நீ என் தம்பி என்பதால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தேனே, வாயைத் திறந்தால் சொல்லிவிடுவேன் என்றுதான். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு என்று கேட்கத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இப்போது உன் தகட்டுக்கு வருகிறேன். துளிமேல் துளி வைத்தாயா? மக்கு! ஈரமாக இருக்கும்வரை அது கரைசல்தானே. இறக்கைகள் ஆட்டம் போட்டுக்கொண்டு இருக்கும். காயவே விடாமல் நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறாய். நான் என் அறையில் செய்த அதே காரியத்தை நீ உன் அறையில் செய்திருக்கிறாய். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேறு சாட்சி வேண்டாம்.

அப்படியானால் முதல் நாள் எப்படித் தெரிந்தது? உன் நோட்டைக் குழுவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தில், "தகட்டில் துளி வைத்தேன். டீ, இருபது நிமிடம். வந்து பார்த்தேன், பச்சை" என்று எழுதியிருக்கிறாய். டீ குடித்ததைக்கூட நோட்டில் எழுதுகிறான் என்று குழுவில் சிரித்தார்களாம். அந்த இருபது நிமிடத்தில்தான் தம்பி துளி காய்ந்தது. பொய் எழுதுகிறவன் யாராவது நடுவில் டீ குடித்ததை எழுதுவானா?

துறைத் தலைவரிடம் திருத்தம் எழுதிக் கொடுத்துவிட்டேன். "நான் அளந்த முறை தவறு" என்று தெளிவாகவே எழுதியிருக்கிறேன். "யோசிச்சுக் குடுங்கம்மா, உங்க ஒப்பந்தம் ஜூன்ல முடியுது" என்றார். யோசித்துத்தான் கொடுத்தேன் என்றேன். வீட்டில் உன் அத்தானிடம் சொன்னபோது, "குடுத்துட்டியா? சரி, சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் நாலாம் தேதி குழு மறுபடி கூடுகிறது. கலங்கிய தண்ணீரை வடிதாளில் வடிகட்டிக் காயவைத்தேன். உலகத்தில் மிச்சம் இருக்கும் உன் பொருள் அந்தத் தாளில் உள்ள ஒரு பொட்டு மட்டும்தான். மொத்தமே ஒரு சிட்டிகைக்கும் குறைவாகத்தானே செய்தாய். அதையும் வீணாகக் கூடாது என்று கரைத்தே வைத்திருந்தாய், அதனால்தான் காய்ந்த பொடியாக ஒருவரும் பார்த்ததில்லை.

அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். குழுவிடம் காட்ட வேண்டாமா என்று கேட்பாய். இரண்டு நாள் இதைத்தான் யோசித்தேன். குழு நம்பாவிட்டால் என் வேலை போகும், அதைச் சமாளித்துக்கொள்வேன். நீ உன் கண்ணை நம்பாவிட்டால் அதை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஏதாவது புறஊதா விளக்கு கிடைக்கும், கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கு போதும். சாதாரண வெள்ளைத்தாள் அதில் தானாகவே நீலமாக மின்னும். இது வடிதாள், மின்னாது. அதனால் தாளைப் பார்த்து ஏமாந்தோமோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

அக்கா

---

மார்ச் 24

அக்காவுக்கு,

தாள் வந்தது. இன்னும் பார்க்கவில்லை. சட்டைப் பையில் ஐந்து நாளாக இருக்கிறது. சட்டை மாற்றும்போது மறக்காமல் எடுத்து அடுத்த பையில் வைக்கிறேன்.

ஒளிராவிட்டால் என்ன செய்வது என்று பயம். ஒளிர்ந்துவிட்டால் இந்த ஐந்து மாதத்தை என்ன செய்வது என்று அதைவிடப் பயம்.

குழுவுக்கு வேண்டும் என்றால் சொல்லுங்கள், பார்க்காமலே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

தம்பி

---

மார்ச் 28

தம்பிக்கு,

அனுப்பாதே. ஆதாரம் எங்கே என்று தலைவர் கேட்டார். "அது யாருடையதோ அவங்ககிட்ட இருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன்.

விசாரணை முடியும்வரை என்னைக் கருவி அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பண்டக அறையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுகிறேன். நீயும் பாட்டில், நானும் பாட்டில். சிரிப்பு வந்தால் சிரி.

அவசரம் ஒன்றுமில்லை. எப்போது தோன்றுகிறதோ அப்போது பார்.

அக்கா

---

ஏப்ரல் 1

அக்கா,

பார்த்தேன்.

உன்னைக் கருவி அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று படித்ததும் நேரே கேன்டீனுக்குப் போனேன். மதியச் சாப்பாட்டு வேளை. கல்லாவில் இருக்கும் அம்மாவிடம் நோட்டுச் சோதிக்கும் விளக்கு உண்டு. எனக்கு என் கண்மேல் நம்பிக்கை இல்லையே, அதனால் நான் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளை அவர் கையில் கொடுத்தேன். "விளக்குல வெச்சு என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அந்த அம்மா தாளை உள்ளே வைத்துப் பார்த்துவிட்டு, "பச்சையா ஒரு பொட்டு தெரியுது. நல்லா எரியுதே! ஏன் தம்பி, இதென்ன புது நோட்டா?" என்றார்.

அப்புறம்தான் நான் குனிந்து பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதோடு விட்டேனா? நான்தான் சந்தேகப் பிராணி ஆயிற்றே. அந்த அம்மாவிடம் நகப்பூச்சு அழிக்கும் திரவம் வாங்கினேன். தீக்குச்சி முனையில் தொட்டு, பொட்டின் ஓரத்தில் மட்டும் லேசாக வைத்தேன். தொட்ட இடம் இருண்டது. ஊதினேன். அரை நிமிடத்தில் காய்ந்தது, பச்சை திரும்பி வந்தது. மறுபடி வைத்தேன், இருண்டது. காய்ந்தது, வந்தது. கழுகு தட்டோடு வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னய்யா இது?" என்றார். "நான் செஞ்சது சார்" என்றேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தை என் வாயில் வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன் அக்கா, அத்தனை பேர் நடுவில். கண்ணீர் ஒரு சொட்டு தாளில் விழுந்து, ஐயோ போச்சே என்று பதறினேன். ஒன்றும் ஆகவில்லை. அதற்குத்தான் தண்ணீர் ஆகாதே, நனைந்துகொண்டே எரிந்தது.

கழுகு இரண்டு வாரம் விடுப்பு கொடுத்துவிட்டார். திரும்பி வந்தால் சோதனை வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று நிபந்தனை. நாளை மறுநாள் ரயிலில் வருகிறேன். செய்முறை முழுக்க எனக்கு மனப்பாடம். குழுவிடம் ஒரு வாரம் ஆய்வகம் கேட்பேன், புதிதாகச் செய்வேன். இந்தத் தடவை தகட்டில் துளியை வைத்துவிட்டு விளக்கைத் தொடவே மாட்டேன். "எல்லாரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க சார், இருபது நிமிஷம்" என்று ஐந்து பேரையும் வெளியே அனுப்பிவிடுவேன். உன் பேரில் உள்ள திருத்தத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தையும் போடுவேன். தப்பு இரண்டு பேருடையதும்தான். நீயும் காயவிடவில்லை, நானும் காயவிடவில்லை.

மன்னிப்புக் கேட்கத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். நான் இன்னும் உன்மேல் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அதைச் சொல்கிறேன். நீ நிறையப் போடு.

தாளை இதோடு விரைவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். அது குழுவுக்கு வேண்டாம், வாலுவுக்கு. மாமா பொய் சொன்னாரா என்று அவள் கேட்டாளே, அதற்கு நீ பதில் எதுவும் சொல்லாதே. துறைக்குக் கூட்டிக்கொண்டு போய், விளக்கைப் போட்டு, தாளை அவள் கையிலேயே கொடு. அவளே பார்க்கட்டும்.

உன் தம்பி